பதினேழாம் எண்

ஆல்ஸ்டனில் பிப்ரவரி.
பழைய தேவாலயக் கூடம்.
இனிக் குடிக்கமாட்டோம் என்று
நூறாண்டுக்கு முன் சத்தியம் செய்தவர்களின் பெயர்ப்பலகை
இன்னும் சுவரைவிட்டு இறங்கவில்லை.
அதன் கீழேதான் ஆறாவது மேசை:
பிரவுன் ஏல் பிரிவு,
பெயரில்லாத பத்தொன்பது புட்டிகள்,
கழுத்தில் எண் மட்டும்.

நடுவர் மூவர்.
தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற ஹெதரிங்டன்,
பல் டாக்டர் ஈனிட்,
பென்சிலைச் சீவிக்கொண்டேயிருக்கும் கார்பின்.
நாக்கைத் துடைக்க உப்பில்லாத பிஸ்கட்.
துப்புவதற்கு ஒரு வாளி.

முதல் ஏழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
எட்டில் செப்புக்காசைச் சப்பிய ருசி.
பத்து, மூடி திறந்ததும் கூரைக்குக் கிளம்பிவிட்டது;
கார்பினின் சட்டை மட்டுமே அதைக் குடித்தது.

பன்னிரண்டு குற்றமற்றது.
செம்பழுப்பு, ஜன்னல் கண்ணாடித் தெளிவு,
ரொட்டியின் மேல்தோல், வால்நட் பருப்பு,
கடைசியில் ஒழுக்கமான ஒரு கசப்பு.
வந்தது, வணங்கியது, போனது.
ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று போட்டு
மூவரும் மூச்சுவிட்டார்கள்,
திருத்த ஒன்றுமில்லாத விடைத்தாளை
மடித்துவைப்பவர்கள்போல.

பதினேழு
மங்கலாக இருந்தது.
விளக்குக்கு நேரே தூக்கினால்
வெள்ளம் வடிந்த மறுநாள் டைன் ஆறு.
நுரை ஏறியது, யோசித்தது,
பாதியில் உட்கார்ந்துவிட்டது.

மூக்கை வைத்த ஹெதரிங்டன்
"என்னமோ தீய்ந்திருக்கிறது" என்றார்.
தீயவில்லை.
தீய்வதற்கு ஒரு நொடி முந்தைய இடம் அது.
பாகு பதம் தாண்டிக் கறுக்கையில்
அணைக்கலாமா, இன்னும் கொஞ்சமா என்று
கை தயங்குகிற இடம்.

வாயில் முதலில் இனிப்பு.
கதவைத் தட்டாமல் வந்து
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற இனிப்பு.
அதன் முதுகுக்குப் பின்னால்
பாத்திரத்தின் அடியில் காந்தின வாசம்.
பிறகு காப்பிக்கொட்டை, காய்ந்த அத்தி,
மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு
ஹீட்டர்மேல் உலரும் மணம் ஒரு சிட்டிகை.
விழுங்கியபின் ஈறுகளில் துவர்ப்பு.
அதற்குப் படிவத்தில் இருந்த சொல்லில்
மருந்துக்கடை வாடை அடித்தது;
ஈனிட் பேசாமல்
கன்னங்களை உள்ளே இழுத்துக் காட்டினாள்.
மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

கட்டங்கள் காத்திருந்தன.
தெளிவு: குறைவு.
நுரை: நிற்கவில்லை.
இனிப்பு: வகைக்கு மீறியது.
புகை: பிழை.
கூட்டினால் இருபத்தொன்பது.
கார்பின் இன்னொருமுறை கூட்டினார்.
இருபத்தொன்பதேதான்.

பதினெட்டு, பத்தொன்பது, தேநீர் இடைவேளை.
வெளியே செங்குத்தான கல் தெருவில்
ஒரு லாரி முனகிக்கொண்டே பனியில் ஏறியது.
"ஒப்பிட்டுப் பார்க்கத்தான்" என்று ஹெதரிங்டன்
பதினேழில் இரண்டு விரற்கடை ஊற்றிக்கொண்டார்.
ஈனிடுக்கு ஏதோ சந்தேகம் தீரவேண்டியிருந்தது.
கார்பின் காரணம் சொல்லவில்லை.
உள்ளங்கைச் சூட்டில் பத்து நிமிடம் இருந்ததும்
அது குரலைத் தாழ்த்திக்கொண்டது;
காந்தல் பின்வாங்கி
முளைவிட்ட பார்லி தன் பெயரைச் சொன்னது.
அதன்பின் வாளி பட்டினி.

மாலையில் பரிசு பன்னிரண்டுக்கு.
நான்கு வெப்பமானிகள் வைத்திருக்கும் க்ளைவ் ரட்டர்
மேடையேறிக் கைகுலுக்கினார்.
நல்ல மனிதர், நியாயமான பரிசு.

"பதினேழு யாருடையது?" என்று ஈனிட் கேட்டபோது
கடைசி வரிசையில் கை தூக்கினாள்
பென்ரித் பஸ் ஓட்டும் மோராக் டோட்ஸ்.
"மால்ட்டை அடுப்புக்குள் வைத்துவிட்டு
டிவியில் ஸ்னூக்கர் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கறுப்புப் பந்து விழ நேரமாகிவிட்டது."

"எவ்வளவு நேரம்?"
பென்சிலோடு கார்பின்.

"அது அந்த ஆளைத்தான் கேட்கவேண்டும்.
குச்சிக்குச் சாக்கட்டி பூசிக்கொண்டே இருந்தான்."

கூட்டம் கலைந்ததும்
கூடத்தைப் பூட்டவேண்டிய பையன்
புட்டிகளைக் கழுவ எடுத்துப்போனான்.
பன்னிரண்டு சாய்ந்தபோது
தொட்டியில் வெகுநேரம் ஓடியது,
செம்பழுப்பாக, தெளிவாக.
பதினேழைத் தலைகீழாகக் கவிழ்த்தான்,
உலுக்கினான்,
அடியில் கண்ணை வைத்துப் பார்த்தான்.
வண்டலைக்கூட விட்டுவைக்கவில்லை
யாரோ.