பத்து நாற்பது லாரி

ஏப்ரலின் முதல் மழை இரவு.
வெப்பமானி ஆறு டிகிரி காட்டியதும்
பிர்கிட் போன் அடித்தாள்:
"கிளம்பிடுச்சுங்க."

ஊறுகாய் வெள்ளரி வந்த வாளி இரண்டு,
ஒளிரும் மேலங்கி, நெற்றி விளக்கு, ஒரு நோட்டு.
எஸ்தோனியாவின் தென்மூலையில்
காட்டுக்கும் குளத்துக்கும் குறுக்கே
எண்ணூறு மீட்டர் தார்ச்சாலை.
அதில் தேரைகள்.

கூழாங்கல் என்று தாண்டப் போனால் கண் சிமிட்டும்.
பெண் நடக்கும், ஆண் அதன் முதுகில்,
கூலியில்லாச் சவாரி.
ஆணைத் தனியே தூக்கினால்
கிக் கிக் என்று திட்டும்,
ஆள் மாறிப் பிடித்துவிட்டோமாம்.
பதினைந்து வயதில் இதற்கெல்லாம் சிரிப்பு வரும்.
ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி
"பைத்தியமா?" என்றார்.
"ஆமாம்" என்றாள் பிர்கிட்,
வாளியைத் தூக்கிக் காட்டி.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன்
தார்மேல் தேரையைக்
கணக்கில் விட்டுவிட்டான் போல.
அதனால் கணக்கு எங்களிடம்.
இடப்பக்கம், கரை சேர்த்தவை.
வலப்பக்கத்தை பிர்கிட் எழுதமாட்டாள்.
நான்தான்.

ஒரு வாரத்தில்
வலப்பக்கம் ஒன்றைச் சொன்னது:
பத்து நாற்பதுக்குப் பிறகு எண் எகிறுகிறது.
அந்நேரம் வருவது ஒரே வண்டி,
மரம் ஏற்றிய லாரி.
என்னைக் கண்டால்
இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும்.
அப்பா.

காலையில் கருப்பு ரொட்டியில்
வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்,
"நேத்து எத்தனை, கெர்ட்டு?"
"இருநூற்றுப் பன்னிரண்டு."
இடப்பக்கம் மட்டும்.
பள்ளிப் பேருந்தில் ஏறிய பிறகுதான்
நோட்டு மேசையிலேயே கிடப்பது உறைத்தது.
மறந்து வைத்தேனா, வைத்துவிட்டு மறந்தேனா,
இப்போதும் தெரியவில்லை.

அன்றிரவு மழை இன்னும் பலம்.
பத்து நாற்பது.
பத்து ஐம்பது.
குளத்துப் பக்கமிருந்து ஓயாத முணுமுணுப்பு.
"லாரி பழுதாகியிருக்கும்" என்றாள் பிர்கிட்.

வீட்டில் சூப் ஆறி
ஆடை கட்டியிருந்தது.
அப்பா பதினொன்றரைக்கு வந்தார்.
பூட்ஸை உதறினார், டீசல் விலையைத் திட்டினார்,
பழைய மில் சுற்றுவழி
முழுக்கக் குண்டும் குழியும் என்றார்.
அந்த வழியில் அவருக்கு என்ன வேலை என்று
அம்மாவும் கேட்கவில்லை,
நானும்.

மாடியில் நோட்டைத் திறந்தேன்.
வலப்பக்கம் நான்கு. நான்கும் கார்.
பத்து நாற்பதுக்கு நேரே
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
எழுதினேன்:
வரவில்லை.