முந்நூறு லிட்டர்

பத்து மவுங் கடையில் இருந்தபோது
அதற்குள் கெராப்பு மீன்கள் காத்துக்கிடந்தன,
யாராவது விரல் நீட்டும்வரை.
வலை தாராளமாக இறங்கட்டும் என்று
மேல்விளிம்புப் பட்டையை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.
அன்றிலிருந்து முன்சுவர்
விருந்து முடித்து எழுந்தவன் வயிறுபோல்
முன்தள்ளியே நிற்கிறது.

நூற்றெண்பது ரிங்கிட்.
"கண்ணாடி இல்லை மிஸ்ஸி, அக்ரிலிக். உடையாது,"
என்றார் மிஸ்டர் ஊய்,
ஊசி ஏறிய இடக்கையை அசைக்காமல்.
செவ்வாய், வியாழன், சனி.
ஜன்னலோர நாற்காலி, நான்கு மணி நேரம்.
நாளுக்கு அரை லிட்டருக்குமேல் குடிக்கக்கூடாதவர்
முந்நூறு லிட்டர் தொட்டியை எனக்கு விற்றார்.

ஜெலுத்தோங், ஒன்பதாம் மாடி.
படுக்கவைத்தால் லிஃப்ட் கதவு மூடவில்லை.
நிமிர்த்தி நிறுத்தினோம்.
இடம் போதாமல் எதிர்வீட்டு அஸ்ருல்
தொட்டிக்குள்ளேயே ஏறி நின்றுகொண்டான்.
ஆறாம் மாடியில் கதவு திறந்தது.
வெளியே நின்றவர் அவனைப் பார்த்துவிட்டு
அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்.

நானூறு, அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம்:
ஈர மணல்தாளுக்கும் நம்பர் உண்டு.
தேய்க்கத் தேய்க்க முதலில் மங்கத்தான் செய்யும்.
கெடுத்துவிட்டோமோ என்று கை நடுங்கும்.
அந்த இரண்டு நாளைத் தாங்கிவிட்டால்
பிறகு மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்,
அந்தப் பக்கம் நிற்கும் தவசீலனின் பனியன்.

டத்தோ கிராமாட்டில் பெயர்ப்பலகை செய்பவரிடம்
மீதித் துண்டுகள் வாங்கினோம்.
பல் கிளினிக் ஒன்றுக்கு அறுத்த பலகை,
ஒரு துண்டின் ஓரத்தில் இன்னும் நீலத்தில் அரை எழுத்து.
சுரண்டப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

லோரியில் சாமான் கட்டும் பட்டையைச் சுற்றிப் போட்டு
கிளிக், கிளிக் என்று தவசீலன் இறுக்கினார்.
எட்டு மில்லிமீட்டர் வயிறு மூன்றுக்கு இறங்கியது.
"இதுக்குமேல வேணாம்" என்றது அக்ரிலிக்,
ஒரு சின்ன முனகலில்.

ஒட்டுவது பசையில்லை.
தண்ணீரைவிட மெல்லிய ஒன்று.
இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து
ஒன்றையொன்று பிடிக்கவைத்துவிட்டு
தான் காற்றோடு போய்விடும்.
தவசீலன் சிரிஞ்சை அழுத்தினார். வழிந்தது.
வழிந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு தழும்பு.
"கொடுங்க."

எங்கள் சென்டர் ஊசி ஆணிபோல் பருமன்.
இது மயிரிழை.
ஆனாலும் பதினேழு வருடமாய்
பிறர் கையில் வழி தேடிய விரல்கள்
தள்ளாமல் இருக்கத் தெரிந்த விரல்கள்.
இடுக்கில் முனையை வைத்தேன், அவ்வளவுதான்.
அது தானே ஓடியது
நான்கடி நீளத்துக்கும்,
ஈரம் துணியில் ஏறுவதுபோல்.
கடைசியில் கடுகளவு ஒரு குமிழி மட்டும்
உள்ளே மாட்டிக்கொண்டது.

லிட்டருக்கு ஒரு கிலோ என்பது என் தொழில் கணக்கு.
மூன்று கிலோ ஏறி வந்தால்
மூன்று லிட்டர் திருட்டு என்று தராசு சொல்லிவிடும்.
குளோரின் என் ஆட்களுக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது.
இருவருக்கும் ஒரே பயம், ஒரே குழாய்.

புதன் இரவு விளிம்புவரை நிரப்பினோம்.
கீழே பழைய பேப்பர் விரித்தோம்.
இரண்டு மணிக்கு எழுந்து போய்
இருட்டில் தடவிப் பார்த்தேன்.
மரண அறிவிப்புப் பக்கம், காய்ந்தே இருந்தது.
குமிழியை விரலால் தேடினேன்,
ஏன் என்று தெரியவில்லை.

வியாழன். ஊசி ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவர்
இன்று என்னையே பார்த்தார்.
"போச்சோர்?"
ஒழுகவில்லை என்றேன்.
"என்ன மீன்?"
இன்னும் இல்லை, வெறும் தண்ணீர்தான்.
"எவ்வளவு?"
விளிம்புவரை.

மிஸ்டர் ஊய் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைய பங்கு ஐஸ் கட்டியை
இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.