தற்காலிகம்

கேக் வந்தது உண்மை.
ஒஸ்லோவில் இருந்து காசு கட்டி
பார் வீதிக் கடையில் சொல்லியிருந்தார்கள்.
"நன்றி கோபோல், 1974–2024" என்று
நீலக் கிறீமில் எழுதவேண்டிய பொடியன்
"நன்றி கோபால்" என்று எழுதிவிட்டான்.
யாரோ ஒரு கோபாலின் பிரியாவிடையை
நானும் றிஸ்மினும்
நாலு துண்டாக வெட்டித் தின்றோம்.

ஏழு வருசமாக அது செத்துக்கொண்டிருந்தது.
மார்கழி வந்தால் ஒரு கூட்டம், ஒரு கடைசித் திகதி.
தை வந்தால் எனக்கு ஒரு புது ஒப்பந்தம்.
இந்த முறை மெய்யாகவே நிறுத்தினார்கள்.
மூன்று வாரம் இரவில் நித்திரை கொண்டேன்,
மனிசர் கொள்கிறமாதிரி.

மறுகா போன் வந்தது.

திருமதி சோல்வைக், வயது நூற்று மூன்று,
ஓய்வூதியம் கிடைக்கவில்லை.
அதுக்குப் பதிலாக, புது மென்பொருள்
அவவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறது:
உங்களுக்கு மூன்று வயது.
பெற்றோரில் ஒருவர் கையொப்பமிடவும்.

பிறந்த ஆண்டுக்கு இரண்டே இலக்கம். இருபத்தொன்று.
எழுபத்துநாலில் நினைவகம்
காணி விலையை விட விலை;
எந்த இருபத்தொன்று என்று கேட்க
அப்போது ஆளில்லை.

கல்லடியில் மழை. கரண்ட் போய்
யூபிஎஸ் குஞ்சுபோலக் கத்தத் தொடங்கியது.
பழைய நிரலைத் திறந்தேன்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்து
ஒழுங்காக எழுதிய கடிதம் மாதிரி அது.
நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில்
நோர்வே மொழியில் ஒரு குறிப்பு, இரண்டு முதலெழுத்து:
"தற்காலிகம். அடுத்த வருசம் அகற்றவும்.
நவம்பர் 98."
அதுக்குக் கீழே மூன்று வரி.
வயது இருபதுக்குக் குறைவாக வந்தால்
நூறைக் கூட்டு.

அவ்வளவுதான்.
இருபத்தாறு வருசமாக அந்த மூன்று வரிமேல் நடந்துபோய்
ஒரு ஊர்ச் சனம் காசெடுத்திருக்கிறது.
புதுசை எழுதியவர்களும் வாசித்திருக்கிறார்கள்.
அகற்றவும் என்று இருந்தது,
அகற்றிவிட்டார்கள். பாவம், சொல்வழி கேட்கிற பிள்ளைகள்.

கொழும்பில் இருந்து ஒரு ஒருங்கிணைப்பாளர்
திரையில் இருந்தா.
"பழையதை ஒருக்கா எழுப்பி, மறுகா ஓட்டிப் பாப்பம்" என்றேன்.
"மறுகாவா? இந்தச் சொல் இன்னும் இருக்கா?"
இருக்கு.
நீங்கள் இப்பதான் சொன்னீங்கள்.

(பழைய கல்லடிப் பாலத்தை
உவமைக்குக் கூப்பிடப்போகிறேன் என்று
நினைத்திருப்பீர்கள். இல்லை.
அது தன்பாட்டில் நிற்கட்டும்.)

றிஸ்மின் காத்தான்குடியில் இருந்து
ரெயின்கோட்டோடு வந்து சேர்ந்தான்.
அவன் படித்தது எல்லாம் புதுசு.
நாலு வருசத்தில் மூன்று செத்துப்போச்சு,
மூன்றுக்கும் சான்றிதழ் வைத்திருக்கிறான்.
"எனக்கு ஒருத்தனும் கேக் அனுப்பல்ல" என்றான்.

தழைக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.
இந்த நிரல் தெரிந்தவர் உலகத்தில் இரண்டு பேர்.
மற்றவர் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை.
அவர்களுடைய ஊரில் ஒருத்தி இதற்கு வாங்குவதில்
எட்டில் ஒரு பங்கு எனக்கு.
இதுவும் அது உயிரோடிருக்க ஒரு காரணம்;
எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள்.

அங்கே இரவு பதினொரு மணி, இங்கே மூன்றரை.
ஓடவிட்டோம்.
முப்பத்தெட்டாயிரம் பேர் ஒவ்வொருவராகப் போனார்கள்,
சோல்வைக் வந்தா. 103. காசு.
றிஸ்மின் மேசையில் ஒருதரம் தட்டினான்.
வெளியே முதல் பள்ளிவாசல் ஒலிபெருக்கி
தொண்டையைச் செருமியது.

பிறகு அந்த மூன்று வரியை
அவனுடைய புது மொழியில் இருவருமாக எழுதினோம்.
அதிலும் மூன்று வரிதான் வந்தது.
மேலே ஒரு குறிப்பு வேண்டுமென்றான்.
"தற்காலிகம்" என்று எழுதி அழித்தேன்.
"நிரந்தரம்" என்று எழுதி
கூச்சத்தில் அதையும் அழித்தேன்.
கடைசியில் கணக்குப் போட்டு,
நோர்வேக்காரருக்கு விளங்காத தமிழிலேயே விட்டேன்:

இந்த மனிசி நூற்றிருபது மட்டும் பிழைத்தால்
இது பிழைக்கும்.