எதிர்மறை

முதுநகர் ரயில்வே கேட் பக்கம்
கேபினைக் கவிழ்த்துக்கொண்டு
தொழுகிற மாதிரி நிற்கிறது லாரி.
பின்னால் நாலு டன் மத்தி.
ஐஸ் சொட்டுகிறது.

வாட்டர் பம்ப் ஒழுகல்.
ஃபேன் கழன்றால்தான் பம்பைத் தொடலாம்.
புல்லிக்குக் கடப்பாறை முட்டுக்கொடுத்து
முப்பத்தாறாம் நம்பர் ஸ்பேனர் போட்டு
அதன் வாலில் ஒரு பைப்பைச் செருகி
பைப்பின் நுனியில்
நானும் ஜபருல்லாவும் தொங்கிப் பார்த்தோம்.
மண்ணெண்ணெய். சுத்தியல். கெட்டவார்த்தை.
துறைமுகத்து உப்பு
பதினோரு வருஷம் நடையாய் நடந்து
நட்டுக்கும் தண்டுக்கும்
சம்பந்தம் முடித்து வைத்திருக்கிறது.

முதலாளியம்மா போனில்:
"கோழிக்கோட்டுக்காரன் கத்துறான். எங்க இருக்கீங்க?"
"உளுந்தூர்பேட்டை தாண்டியாச்சும்மா."
சொல்லி வாய் மூடவில்லை,
பரங்கிப்பேட்டை பரங்கிப்பேட்டை என்று
கூவிக்கொண்டே போகிறது ஒரு பஸ்.

மறுபடி பைப்பில் ஏறினோம்.
பாதியில் ஜபருல்லா குதித்து இறங்கி
இறக்கைகளின் சாய்வைக் குனிந்து பார்த்தான்.
காற்றில் விரலால் ஒரு சுற்று.
அப்புறம் அதையே திருப்பி ஒரு சுற்று.
"அண்ணே... இது எதிர்மறை."

காலை ஆறு மணியிலிருந்து
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஸ்பேனரைத் திருப்பிப் போட்டோம்.
மூன்றாவது மூச்சில்
ஒரு கிறீச்,
கொஞ்சம் சிவப்புத் துரு,
என் முட்டியில் பாதித் தோல்.
குழந்தையை வாங்குவதுபோல்
இரண்டு கையாலும் ஃபேனை வாங்கினான்.

போன் அடித்தது.
"எங்க?"
"முதுநகர் கேட்லம்மா. காலையிலேர்ந்து."

எதிர்முனையில் சத்தமே இல்லை.
ஐஸ் தண்ணீரில் கால் நனைய
ஒரு பூனை நின்று
கதவுக் கொக்கியையே
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.