சனிக்கிழமை, திங்களின் பாடவேளைப்படி

பதினொரு நாள் தண்ணீரோடு போச்சு
என்று எழுத முடியாது.
‘கனமழை காரணமாக இழந்த வேலைநாட்கள்: 11’
என்றுதான் எழுத வேண்டும்.

சேரன்மகாதேவி கல்வி அலுவலகத்தில்
தை பிறந்த மறுவாரம் அந்தக் கோப்பு என்னிடம் வந்தது.
சிவப்புப் பேனா, மருந்துக்கடைக் காலண்டர்,
இன்னும் ஈரம் காயாத காகிதக் கட்டுகளின் வாடை.

“எத்தனை சனி தேறும் வே?”
என்றார் கண்காணிப்பாளர் உய்க்காட்டான்.

விரல் விட்டேன்.
பூசத்தை ஒட்டிய சனி வேண்டாம்,
பாதிப் பிள்ளைகள் திருச்செந்தூர் ரோட்டில் நடப்பார்கள்.
செய்முறைத் தேர்வுச் சனி ஆகாது.
பங்குனி உத்திரத்துக்கு முந்தின சனி
ஊரே சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடிக்கும்;
அன்று பள்ளியைத் திறந்தால்
வருவது வாட்ச்மேனும் அவர் நாயும்.
ஒன்பது தேறியது.
ஒவ்வொரு சனிக்கும் ஒரு வாரநாளின் வேடம் கட்டினேன்:
இது திங்கள், இது செவ்வாய், இது மறுபடி திங்கள்.
‘ஈடுசெய்யும் வகையில்’ என்று தட்டினேன்.

ஈடு.
என் வீட்டுக்காரி கம்மலை வைத்த கடை ரசீதிலும்
அதே சொல்தான்.
அங்கே மீட்பதற்குக் கெடு உண்டு.

மூன்றாம் நாள் முக்கூடலிலிருந்து தபால்.
தலைமையாசிரியை ஞானப்பூ, நீல மை, ஒன்றரைப் பக்கம்:
‘முகாம் நடந்த ஒன்பது நாளும்
எங்கள் பள்ளி ஒரு மணி நேரம்கூட மூடவில்லை.
எட்டு ஆ பிரிவில் நாற்பத்து மூன்று பேர், ஆடு மூன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
வேளைக்கு ஆளுக்கு நூற்றைம்பது கிராம், தினம் இரண்டு வேளை,
ஐந்து மூட்டை அரிசி எத்தனை நாள் வரும் என்று
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான்
கரும்பலகையில் போட்டுப் பார்த்தார்கள்.
நான்கு நாளைக்குக் கொஞ்சம் குறையும் என்றார்கள்.
நான்காம் நாள் இரவு
கடைசிப் பந்திக்குக் கஞ்சிதான் ஊற்றினோம்.
இரண்டு நாளையாவது வேலைநாளாகக் கொள்ள வேண்டுகிறேன்.’

இரண்டு.
எனக்குக் குறைந்ததும் அதே இரண்டு.
கோப்பில் சேர்த்து மேலே அனுப்பினேன்.
‘விதியில் இடமில்லை’, கீழே சுருக்கொப்பம்.
கத்திரி வெயிலுக்கு முந்தின வாரத்தில்
இரண்டு நாளை இழுத்துப் பிடித்து ஒட்டினேன்.

முதல் சனி.
வருகைப் பட்டியல் வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.
முக்கூடலில் அது சம்பளச் சனி.
பீடிக்கடை வாசலில்
சுளவும் பாஸ்புத்தகமுமாய்ப் பெண்கள்.
“நூல் கட்ட ஆளில்லாம எழுநூறு பீடி குறைஞ்சி போச்சி.
திங்கக்கெழமன்னு சொல்லி எம்புள்ளயப் பறிச்சிட்டியளே,
கடக்காரன் இன்னைக்கி சனின்னுல்லா கணக்கு கேக்கான்?”
முப்பிடாதியின் அம்மை.
நான் யாரென்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.
கையிலிருந்த சுற்றறிக்கையை மடித்தேன்,
பிறகு இன்னொரு மடிப்பு.

ஒன்பதாம் வகுப்பு. முப்பத்தெட்டில் பத்தொன்பது.
பலகையின் வலது மூலையில் கட்டம் போட்டு
212 × 150
அழிக்காதே என்று கீழே.
முப்பிடாதி எழுந்து கேட்டாள்:
“தேதி என்ன போட, டீச்சர்?”
“தேதி சனியோடது. பாடம் திங்களோடது. உக்காரு.”
யாரும் சிரிக்கவில்லை.
அவள் பெருவிரல் நகத்தில்
இலைத்தூளின் கறுப்பு.

பத்தொன்பது என்று குறித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
அந்த மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில்
நான் நின்ற ஐந்து நாளைத்
தற்செயல் விடுப்பில் கழித்துவிட்டார்கள்.
அதற்குச் சனிக்கிழமை கிடையாது.

முன் இருக்கையில் ஒருத்தி
காலிச் சுளவை மடியில் சாய்த்து
கண்ணயர்ந்திருந்தாள்.
விரல்கள் மட்டும்
இல்லாத நூலை
இழுத்து இழுத்து முடிந்துகொண்டிருந்தன.