மழை நாள் கணக்கில் சேராது

மார்ச்சிலிருந்து என் அலுவலகம்
சமையலறை மேசையின் யன்னலோரப் பாதி.
மற்றப் பாதியில் மகன் பின்னம் படிக்கிறான்.
கீழே ஜெனீவாவின் டிராம் ஓடுகிறது
தன் மணியை மட்டும் ஏற்றிக்கொண்டு.

என் வேலை காத்திருப்பை எண்ணுவது.
கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே நின்றால்
யார் பிழை, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை டொலர்.
பிரெஞ்சில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி,
தமிழில் அலுத்துக்கொள்வேன்.

இந்த மாதம் 'கலிஸ்தா'.
இருபத்திரண்டாயிரம் தொன் யூரியா,
மொம்பாசாவுக்கு வெளியே நங்கூரத்தில்.
மாலுமி ஒருவனுக்குக் காய்ச்சல்; எல்லோருக்கும் பதினான்கு நாள்.
பிறகு சமையல்காரனுக்கு. இன்னொரு பதினான்கு.
பிறகு மழை.
மழையில் கப்பலின் மூடியைத் திறக்கக் கூடாது,
யூரியா கரைந்துவிடும்
சீனியைப் போல, சத்தமில்லாமல்.
ஆகவே ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு:
மழை நாள் கணக்கில் சேராது.

புங்கோமாவிலிருந்து நெகேசா எழுதுகிறாள்.
அவளுக்குப் பதில் சொல்வது என் வேலையில்லை.
வாங்கியவரிடம் வாங்கியவரிடம் வாங்குகிறவள்,
கூட்டுறவுக் கடையொன்றின் காசாளர்.
நீண்ட மின்னஞ்சல் ஒன்றிலிருந்து
யாரோ என் முகவரியை வெட்ட மறந்திருக்கிறார்கள்.

'அம்மணி, கப்பல் எப்போது?
அடியுரம் பழைய மூட்டையில் போட்டாயிற்று.
சோளம் முழங்கால் உயரம்.
மேலுரம் இப்போது வேண்டும், இந்த மழைக்குள்.'

கூடவே ஒரு படம்.
அடி இலையின் நுனியில் தொடங்கி
நடுநரம்பு வழியே உள்ளே இறங்கும் மஞ்சள்.
'இது நோயில்லை, பசி' என்று கீழே எழுதியிருந்தாள்.
அறுவடைக் காலத்தில் பிறந்தவள் என்பதாம்
அவள் பெயரின் பொருள்.

அங்கே முழு மூட்டை வாங்குகிறவர்கள் கொஞ்சப் பேர்.
மற்றவர்கள் கிலோவாக வாங்கி
சோடா மூடியால் அளப்பார்கள், செடிக்கு ஒரு மூடி.
எல்லையில் லொறிச் சாரதிகள்
மூக்குச் சோதனைக்கு நாட்கணக்கில் நிற்கிறார்கள், கூலி ஏறிவிட்டது.
இந்த வருடம் மூன்று செடிக்கு ஒரு மூடி என்கிறாள்.

சனிக்கிழமை ஐஸ் ஹொக்கி அரங்குக்கு வெளியே
ஆற்றோரம் மட்டும் நீண்ட வரிசை.
ஆளுக்கு ஒரு பை. அரிசி, பாஸ்தா, எண்ணெய், சவர்க்காரம்.
முகக்கவசத்துக்கு மேலே எனக்குத் தெரிந்த கண்கள்.
மாரிசோல், பொலிவியாக்காரி,
ஐந்தாம் மாடியில் எங்கள் குப்பைக்கூடைகளை
ஒன்பது வருடம் வெறுமையாக்கியவள்.
அலுவலகம் பூட்டிய பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.
நான் கூப்பிட்டேனா?
ஒளியப் பார்த்தேன். அவளே கையசைத்தாள்.
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்,
தொழில் பழக்கம்.
'மூன்று மணித்தியாலம். நடுவில் மழை வேறு.'

ஞாயிறு இரவு கணக்கை முடித்தேன்.
நாற்பத்தொரு நாள்.
மழை பதினொன்று கழித்தால் முப்பது.
காய்ச்சல் யார் தலையில் என்பதை
லண்டனில் ஒரு நடுவர் அடுத்த வருடம் சொல்வார்.
ஆறு இலக்கத் தொகை.
'அருமை' என்று ஒரே சொல் அனுப்பினார் துராஃபூர்.

மகன் தூங்கிவிட்டான்.
தண்ணீர்ப் போத்தல் மூடியில் சவ்வரிசி அள்ளினேன்.
யூரியா இப்படித்தான் இருக்குமாம்,
பன்னிரண்டு வருடத்தில் தொட்டதில்லை.
அவனுடைய கணக்குக் கொப்பியின் மேல் கொட்டி
மூன்றாகப் பிரித்தேன்.
ஒரு பங்கை ஊதினால் பறந்துவிடும்.

பிறகு, வேலையில்லாத வேலையாக,
நெகேசாவுக்கு ஒரு வரி எழுதினேன்.
'புதன்கிழமை மூடி திறக்கிறார்கள், மழை பெய்யாவிட்டால்.'

அனுப்பிய பிறகுதான்
அந்தக் கடைசி இரண்டு சொல்லையும்
அவள் எங்கே நின்று வாசிப்பாள் என்று நினைத்தேன்.