இருபது லீற்றர்

தாளில் பதினொரு மாடு.
வெருகலில் மிருகவைத்தியர் ஒப்பமிடும்போது
மணி ஒன்பதரை.
ஆறு மணிக்குப் பிறகு மாடேற்றிய லொறி
றோட்டில் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது.
இடையில் கிடக்கும் எட்டரை மணித்தியாலம்
என்னுடையது, வாடகைக்கு.

கொம்புக் கயிறு ஒரு முழமும் நாலு விரலும்.
கூடினால் பக்கத்து மாட்டின் கண் போகும்,
குறைந்தால் முதல் பள்ளத்திலேயே கழுத்துப் போகும்.
தலையும் வாலுமாய் மாற்றி மாற்றிக் கட்டி,
தட்டில் ஆற்றுமணல் பரப்பி,
அஸ்மீர் பின்கதவின் ஆணியை அடித்தான்.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
'வளர்ப்பு' என்று எழுதியிருந்தது.
நான் அதை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை.

ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர்.
உள்கண்ணாடியில் ஒரு சிவலையின் தொடை மட்டும்
ஊர் ஊராய் என்னோடு வந்தது.
சுட்ட குறி அதில் இடம்வலம் மாறி,
யாரோ ஒருவரின் முதலெழுத்து
எந்த எழுத்துமில்லாத ஒன்றாய்க் குலுங்கியது.
வளைவில் பதினொரு உடம்பின் பாரம் சாய்வது
ஸ்டியரிங்குக்கு முன்னால்
என் முதுகுக்குத் தெரியும்.

உப்பாற்றுப் பாலத்தில் ஏற
ஊசி சிவப்பைத் தொட்டது.
இரண்டே முக்கால்.
பொனற்றைத் திறந்தால் வெள்ளைப் புகை.
பாலத்துக்கு இந்தப் பக்கம் உப்பு,
அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் உப்பு.
இடுப்பளவில் நின்று இறாலுக்கு வலை வீசிய பொடியன்
நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குக் குனிந்தான்.

சீற்றுக்குப் பின்னால் ஒரு கான்.
இருபது லீற்றர்.
அஸ்மீர் மாடுகளைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்க்காமல் கானைத் தூக்கினேன்.
லொறி ஓடினால்தானே எல்லாருக்கும் தண்ணீர் என்று
சத்தமாகச் சொன்னேன்,
யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

மூடி ஆறும் அரைமணியில்
சிவலை பலகை இடுக்கால் நாக்கை நீட்டி
என் முழங்கையை நக்கியது.
வறண்ட வாய்க்கும்
வேண்டியிருந்தது உப்புத்தான்.
அரம் போல நாக்கு.
கையை இழுக்க மனம் வரவில்லை என்று
சொல்லிக்கொள்ள ஆசை.
இழுத்துக்கொண்டேன்.

றேடியேற்றர் பதினாறைக் குடித்தது.
மிச்சம் நாலு.
நாலைப் பதினொன்றால் பிரித்தால்
ஆளுக்கு இரண்டு தேத்தண்ணிக் கோப்பை.

அப்போதுதான் வந்தது
சில்வெஸ்டரின் மீன் லொறி.
பெட்டிகளுக்கடியில் உருகி நின்ற ஐஸ் தண்ணீரைத்
தாச்சி தாச்சியாய்ப் பிடித்துத் தந்தான்.
"என்ர சாமான் ஐஸில போகுது,
உன்ர சாமான் மூச்சில போகுது.
ரெண்டும் பிந்தினா நாறும், மச்சான்."
சூடை மீன் வாடை.
பத்து மாடு முகர்ந்து முகத்தைத் திருப்பின.
சிவலை மூக்குவரை அமிழ்த்திக் குடித்தது.
அதன் பிறகு
தாச்சியைப் பிடித்திருக்க இரண்டு பேர் போதவில்லை.

தம்பலகாமத்துச் சோதனைச் சாவடி, ஐந்தேகால்.
பொலிஸ்காரர் விரல்விட்டு எண்ணினார்,
மூக்கைச் சுருக்கினார்.
"மாடா, மீனா?"
தாளை நீட்டினேன்.
'வளர்ப்பு' என்று அவரும் வாசித்தார்,
அவரும் ஒரு தரம்தான்.

கந்தளாயில் இறக்கும்போது ஐந்து ஐம்பது.
பதினொன்றும் காலூன்றி நின்றன.
முதலாளியின் ஆள் கயிறுகளைத் திருப்பித் தந்தான்,
முடிச்சுகளை அவிழ்க்காமலே.
ஏதோ கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவன்
வியாழக்கிழமை ஓட்டத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.
சரி என்றேன்.

இரவு, வீட்டுக் கிணற்றடியில்
லொறித் தட்டைக் கழுவினேன்.
சாணம், மணல்,
எப்படி வந்ததோ இரண்டு மீன்செதில்.
வாளி வாளியாய் அள்ளி ஊற்றியதை
எண்ணாமல் இருந்திருக்கலாம்.
நூற்று நாற்பது லீற்றர்.